வாளிக்குள் நின்ற வாள்

மயிலிட்டித் துறைமுகம் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் செருப்பின் வார் அறுந்தது. திரும்பிப் போய் யாரிடமும் வேறு செருப்புக் கேட்கிற நிலைமையில் நான் இல்லை. அங்கே வள்ளங்களுக்கு ஐஸ் உடைத்துப் போடுகிற வேலையை அன்று காலையில்தான் விட்டுவிட்டுப் புறப்பட்டிருந்தேன். சண்டை ஒன்றும் இல்லை. எனக்கு ஒரு வேலை ஒரு மாரிக்கும் ஒரு கோடைக்கும் மேல் ஒட்டுவதில்லை, அவ்வளவுதான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அதில் ஒரு வசதியும் உண்டு. எந்த வேலையை விட்டாலும் ஐயோ என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு அச்சுவேலிப் பக்கம் பார்த்து நடந்தேன்.

மீன் லொறி ஒன்று என்னைக் கடந்து போனது. அதன் பின்கதவுக்குக் கீழால் ஐஸ் தண்ணீர் ஒழுகிக்கொண்டே போயிற்று. தார் வீதியில் அது கீறிய ஈரக்கோடு நான் பார்த்திருக்கவே காய்ந்து மறைந்தது. இரண்டு பக்கமும் வெங்காயத் தோட்டங்கள், நடுவே அந்தக் கோடு, அதன்மேல் நான். அப்படி நடக்கும்போதுதான் அப்பாவின் வாள் நினைவுக்கு வந்தது. அதுவும் இப்படித்தான் ஒழுகியது.

அப்போது எனக்குப் பத்து வயது இருக்கலாம். சண்டை ஓய்ந்திருந்த காலம். இடம்பெயர்ந்து வன்னியில் இருந்துவிட்டுக் குருநகருக்குத் திரும்பியிருந்தோம். எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை, யன்னல் இல்லை, கதவும் இல்லை. முன்கதவின் பித்தளைக் குமிழ் மட்டும் வாசல் மணலுக்குள் கிடந்தது. அம்மா அதை எடுத்துக் கழுவி அரிசி அளக்கிற சுண்டுக்குள் போட்டு வைத்தார். கதவு வந்தால் பூட்டலாம் என்றார். கூரைக்குத் தகரம் வந்தது, வாசலுக்குச் சாக்குத் திரை வந்தது, கதவு மட்டும் வரவில்லை.

அப்பாவின் வலக்கையில் பெருவிரலும் சுட்டுவிரலும்தான் மிச்சம். மற்ற மூன்றையும் வன்னியில் ஒரு ஷெல் துண்டு கொண்டுபோயிருந்தது. அதனால் அவர் வலை இழுக்கப் போவதில்லை. கரையில் இருந்து இடக்கையால் கிழிந்த வலை பொத்துவார். அம்மா கடகத்தில் மீன் சுமந்து விற்றார். அப்பாவின் வலக்கை எப்போதும் இடுப்பில் கட்டிய சாரத்தின் மடிப்புக்குள் இருக்கும். சாப்பிடும்போது சுவர்ப்பக்கம் திரும்பி உட்காருவார். எங்கள் அப்பாவுக்குச் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டால்தான் சோறு இறங்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

ஆனால் ஒழுங்கையில் எல்லாரும் அவரை ராசா என்றுதான் கூப்பிட்டார்கள். எங்கள் கோயில் பெருநாளுக்குக் கூத்து ஆடுவது வழக்கம். இடம்பெயர்வதற்கு முன்பு அப்பாதான் அதில் ராசா. கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிட்ட தன் தளபதியைத் தன் கையாலேயே வெட்டவேண்டி வருகிற ராசா. அவர் கடைசியாக ஆடியபோது நான் கைக்குழந்தையாம். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு முன்வரிசையில் இருந்தாராம். வாளை ஓங்கிய இடத்தில் நான் வீறிட்டு அழ, ராசா ஒரு கணம் பாட்டை மறந்துவிட்டாராம்.

திரும்பி வந்த பிறகு முதல் தடவையாகக் கூத்துப் போடப்போகிறார்கள் என்றதும் அண்ணாவியார் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். கூத்தைப் பழக்குகிறவர் அவர்தான். யாருக்கு எந்த வேடம் என்று தீர்மானிப்பவரும் அவர்தான்.

"தம்பி, ராசா நீதான். குரல் கிடக்குத்தானே?"

"குரல் கிடக்கு அண்ணாவியார்," என்றார் அப்பா. கையைப் பற்றி இரண்டு பேரும் கதைக்கவில்லை.

கூத்துப் பழக்கத்தின் முதல் நாளே வாள் விழுந்தது. உடுப்புக்காரரிடமிருந்து வாடகைக்கு வந்த வாள், ஐந்து விரலுக்குச் செய்த பிடி. இரண்டு விரலுக்குள் அது நிற்கவில்லை. இடக்கையால் பிடிக்கலாமே என்று யாரோ கேட்டார்கள். அதற்கு வழியில்லை. வாள் சண்டையில் எல்லா ஆட்ட மிதியும் வலப்பக்கம் பார்த்தே பழக்கப்பட்டவை. ஒருவர் இடக்கைக்கு மாறினால் இரண்டு பேரும் தோள் முட்டுவார்கள்.

அண்ணாவியார் வாளைப் பொறுக்கிக் கொடுத்தார். "வெள்ளுடுப்பு வரைக்கும் பாப்பம். ராசா மேடையிலை வாளை விட்டுட்டா அதுக்குப் பிறகு கதை இல்லை." வெள்ளுடுப்பு என்பது அரங்கேற்றத்துக்கு முன்னர் எல்லாரும் வெள்ளை உடுத்து ஆடிப் பார்க்கிற நாள். அதிலும் சரிவராவிட்டால் தளபதி வேடம் ஆடுகிற பெரியப்பாவின் மகன் ராசா ஆவார். அந்த அண்ணைக்கு இருபது வயது, பத்து விரலும் இருந்தன. நல்ல மனிதர்தான். அதனாலேயே அவரை வெறுக்கவும் முடியாமல் இருந்தது.

வாளை நாங்களே செய்வது என்று முடிவாயிற்று. பூவரசம் பலகையை அலகாகவும் பிடியாகவும் ஒரே துண்டில் அப்பா இடக்கையால் செதுக்கினார். அலகில் வெள்ளித்தாள் ஒட்டினோம். ஆனால் பிடிதான் காரியம். விரல்களை மூடி அணைத்து நிற்கிற ஒரு பித்தளை வளைவு அதில் இருந்தால், கை தளர்ந்தாலும் வாள் விழாது. அதைச் செய்ய அரம் பிடிக்கவேண்டும், அரம் பிடிக்க இரண்டு கை வேண்டும். ஆகவே உலோக வேலை என்னுடையது ஆயிற்று. எஞ்சின் திருத்துகிறவர் ஒருவரிடம் ஓர் அரமும் தகரம் வெட்டுகிற கத்திரியும் இரவல் வாங்கினேன். பள்ளிக்கூடத்தில் என்னை நம்பிச் சோக்குக் கட்டி ஒன்றைக்கூட யாரும் தந்ததில்லை.

கைக்காப்புத் தகடு, ஒரு பழைய வள்ள எஞ்சினிலிருந்து கழன்ற பித்தளைத் துண்டு. அதன் நடுவே துளையிட்டு, பிடி நுழையும் அளவுக்குச் சதுரமாக அராவினேன். வளைவுக்கு, அடியில் ஓட்டை விழுந்த எங்கள் பெற்றோல்மாக்ஸ் விளக்கின் வயிற்றிலிருந்து ஒரு பட்டையை வெட்டினேன்.

அம்மா சந்தையிலிருந்து வந்து பார்த்தார். "அந்த லாம்பையும் வெட்டிப்போட்டியளோ? ஓட்டையை அடைச்சா எரியுமெண்டெல்லோ வைச்சிருந்தனான்."

"எரியாட்டிலும் மினுங்கட்டுமன்," என்றார் அப்பா.

"ஓம், ராசா மினுங்குங்கோ. நாங்கள் இருட்டுக்குள்ளை மீன் கழுவுறம்."

சொல்லிவிட்டு அவரே சுண்டுக்குள் கிடந்த கதவுக் குமிழை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். பிடியின் அடியில் குமிழ் ஒன்று வேண்டும் என்று நான் காலையில் கேட்டிருந்தேன். கதவு வந்தால் என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை.

வளைவை வளைப்பதற்குக் கையின் அளவு தேவைப்பட்டது. பனையோலைச் சார்வு ஒன்றைக் கிழித்து எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன்.

"கையைத் தாங்கோ அப்பா."

அப்பா குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். உள்ளே அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். பிறகு சாரத்தின் மடிப்பிலிருந்து கையை எடுத்து என் மடியில் வைத்தார். அந்தக் கையை அவ்வளவு கிட்டத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. விரல்கள் இருந்த இடம் மினுமினுவென்று, அராவி முடித்த பித்தளைபோல இருந்தது. நான் ஓலையைச் சுற்றி அளவெடுக்கத் தொடங்கினேன். கை ஆடிக்கொண்டே இருந்தது. ஓலை நழுவியது. மறுபடி சுற்றினேன், மறுபடி நழுவியது.

"ஆட்டாதேங்கோ அப்பா! அளவு பிழைக்குது."

"ஆட்டேல்லையடா."

"ஆடுதே!"

"நீ இறுக்கிப் பிடி, அப்ப ஆடாது."

இறுக்கிப் பிடித்தேன். குசினியில் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றிருந்தது. தேங்காய் முடிந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

வளைவு சரியாக வந்தது. ஆனால் கைக்காப்புத் தகட்டின் துளையை ஆர்வத்தில் அளவுக்கு மேல் அராவிவிட்டேன். தகடு பிடியில் ஆடியது. அப்பா அதைப் பார்த்துச் சிரித்தார். கடல்காரனுக்கு அதெல்லாம் ஒரு பிரச்சினையா? வள்ளத்தில் பலகை இடைவெளி விட்டால் தண்ணீரில் போட்டால் பலகை ஊதி அடைத்துக்கொள்ளும். துடுப்பு இளகினால் கடலில் ஊறவிட்டால் இறுகிக்கொள்ளும். எங்கள் ஆட்களுக்கு ஆப்பும் அதுதான், பசையும் அதுதான். அப்பா பிடியைத் தண்ணீரில் ஊறவைத்தார். அடுத்த நாள் தகட்டை ஏற்றிப் பலகைத் துண்டால் தட்டினோம். பல்லுக்குள் எலும்பு மாட்டியதுபோல் இறுகி நின்றது. வளைவின் இரண்டு நுனியையும், ஒன்றைத் தகட்டோடும் மற்றதைக் குமிழின் அடியிலும், வள்ளத்துக்கு அடிக்கிற செப்பாணியால் பொருத்தினேன். அப்பா கையை நுழைத்து வாளைத் தலைகீழாகத் தொங்கவிட்டு உதறினார். விழவில்லை. இன்னும் ஒருமுறை உதறினார். பிறகு முற்றத்தில் ஒரு சுற்று மிதித்தார். கோழிகள் ஓடின.

அதற்குப் பிறகு மினுக்குகிற வேலை. பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய்த் தும்பால் தேய்த்தேன். கழுவி வெயிலில் வைத்து மறுபடி தேய்த்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாள்தான். குமிழில் என் மூக்கு ஒரு விளாம்பழம் அளவுக்குத் தெரியும்வரை தேய்த்தேன். வெயில் படப் பட அது மினுங்கியதால், வெயில்தான் அதற்கு மருந்து என்று கண்டுபிடித்து நாள் முழுக்க முற்றத்தில் கிடத்தி வைத்தேன். அப்பாவும் போகிற வருகிற வேளையெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார். இரண்டு பேருக்குமே ஒன்று தோன்றவில்லை. கடலில் ஊறிய துடுப்பு மறுபடி கடலுக்கே போகிறது. வாள் அப்படியல்ல.

வெள்ளுடுப்பு அன்று மாலை, கோயிலுக்குப் பின்னால் இருந்த வெளியில் மத்தளம் முழங்க ராசா வந்தார். முதல் மிதிக்கே வாள் கிலுகிலுவென்றது. வெயிலில் பிடி காய்ந்து ஒடுங்கித் தகடு தனியாகவும் வளைவு தனியாகவும் ஆடிக்கொண்டிருந்தன. ராசா துள்ளத் துள்ள வாள் கிலுங்கியது.

தளபதியாக முழங்காலில் நின்ற அண்ணை தலையைத் தூக்கினார். "சித்தப்பா, ராசாவோ வாறது, ஐஸ்பழ வண்டிலோ?"

எல்லாரும் சிரித்தார்கள். மத்தளக்காரர் சிரிப்பில் தாளத்தை விட்டார். அப்பாவும் சிரித்தார், ஆனால் கை சாரத்தைத் தேடிப் போனது. அன்று அவர் வெள்ளை வேட்டியில் இருந்தார். அதில் ஒளிக்கிற மடிப்பு இல்லை.

அண்ணாவியார் வாளை வாங்கிப் பார்த்தார். "வேலை வடிவுதான். ஆனா சத்தம் போடுற வாளோடை விருத்தம் பாடேலாது. பெருநாளுக்கு முதல் இறுக்கிக் கொண்டு வா. இல்லாட்டி…" அவர் அண்ணையைப் பார்த்தார். அண்ணை வேறு பக்கம் பார்த்தார்.

வீட்டில் சீலைத் துண்டு செருகிப் பார்த்தோம். நாலு மிதிக்குள் வெளியே வந்து விழுந்தது. இன்னொரு ஆணி அடிக்கலாம் என்றேன். இரண்டு விரலுக்காக மெலியச் செதுக்கிய பிடி அது. ஆணியின் முனையை வைத்ததுமே நூல்போல ஒரு வெடிப்பு ஓடியது. அப்பா சுத்தியலை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக் கீழே வைத்தார்.

"விடு. அவன் ஆடட்டும். நல்லாத்தான் ஆடுவான்."

மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார். "ஏன் விடுறது? நனைச்சா இறுகும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"நனைச்சா இறுகும். காய்ஞ்சா?"

"காய விடாதேங்கோ."

"ராசா என்ன, வாளியும் கொண்டோ மேடைக்கு வாறது?"

"ராசா ஏன் தூக்கவேணும்? இவனிட்டைக் குடுங்கோ. திரைக்குப் பின்னாலை வைச்சிருக்கட்டும்." மீன் வாளியைக் கவிழ்த்துத் தண்ணீரை ஊற்றிவிட்டு என் பக்கம் தள்ளினார். "நல்லாத் தேய்ச்சுக் கழுவு. ராசா சூடை மீன் மணக்கப்படாது."

பெருநாள் அன்று மாலைப் பூசை முடிந்ததும் கூத்துத் தொடங்கியது. சாப்பாட்டு நேரத்துக்குள் முடிய வேண்டும் என்று அந்த வருஷம் அதைச் சுருக்கியிருந்தார்கள். பழைய ஆட்கள் அதற்காக முறுமுறுத்தார்கள். திரைக்குப் பின்னால் அம்மாவின் வாளிக்குள் கடல் தண்ணீர். காலையிலிருந்தே வாள் அதற்குள் தலைகீழாக நின்றது. பிடி தண்ணீருக்குள், அலகு வெளியே. வெள்ளித்தாள் நனையக்கூடாது. ராசா உள்ளே வரும்போதெல்லாம் நான் வாளை வாங்கி வாளிக்குள் நிறுத்துவேன், வெளியே போகும்போது எடுத்துக் கொடுப்பேன். முதல் வரவில் ஒரு சத்தமும் இல்லை. சண்டையில் வாளும் வாளும் மோதியபோதும் தகடு அசையவில்லை. அண்ணாவியார் மேடையின் பக்கத்தட்டியருகே நின்று தாளம் போட்டபடி பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிக் கட்டத்துக்கு முன்னர் அப்பா அவசரப்பட்டார். துடைப்பதற்குத் துணியை எடுத்தேன், அதற்குள் வாளைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்.

தளபதி முழங்காலில் நின்றார். ராசா வாளின் முனையை அவருடைய கழுத்துக்கு நேரே கீழே பிடித்துக்கொண்டு விருத்தம் எடுத்தார். என்னோடு வளர்ந்தவனே, என் சோற்றைத் தின்றவனே, உன்னை நானே வெட்டவோ என்று கேட்கிற நீண்ட பாட்டு. பாட்டு நீள நீள, துடைக்காத பிடியிலிருந்து தண்ணீர் அலகின் வழியாக இறங்கியது. விளக்கு வெளிச்சத்தில் அது நன்றாகத் தெரிந்தது. முனையில் ஒரு துளி திரண்டு அண்ணையின் பிடரியில் விழுந்தது. பிறகு இன்னொன்று.

முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவரின் தோளைப் பிடித்தார். "எணேய், வாள் அழுகுதெணேய்!"

அந்தச் சொல் வரிசை வரிசையாகப் பின்னுக்குப் போனது. கச்சான் கடலை உடைக்கிற சத்தம் நின்றது. அண்ணை தலையைக் குனிந்தபடியே, "சித்தப்பா, கெதியா வெட்டுங்கோ, முதுகு வழிய போகுது," என்றார். அது முன்வரிசைக்குக் கேட்டிருக்காது. அப்பாவின் குரல் அந்த இடத்தில் ஒரு தரம் உடைந்தது. சிரிப்பை அடக்கினாரா என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. வாள் ஓங்கி இறங்கியது. பெண்கள் அழுதார்கள். என்னுடைய அம்மாவும் அழுதார். வாளி அவருடையது, தண்ணீர் எங்கே இருந்து வந்தது என்று நன்றாகத் தெரிந்தவர், அவரும் அழுதார்.

திரை விழுந்ததும் அண்ணாவியார் ஓடி வந்தார். "அந்தத் தண்ணி! உனக்கு ஆர் சொல்லித் தந்தது?"

"பெடியன்ரை வேலை," என்றார் அப்பா.

அண்ணாவியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நான் சொல்லித்தான் செய்தது எண்டு சொல்லு," என்றார். அப்படியே ஊருக்கும் சொன்னார். பின்னர் அண்ணை ராசாவாக ஆடிய வருஷங்களிலும் திரைக்குப் பின்னால் வாளி வைத்தார்கள். அவருடைய வாளில் ஆடுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. இப்போதும் அந்தக் கூத்துக்கு அங்கே வாளி வைக்கிறார்களாம். ஏன் என்று கேட்டால், அது அண்ணாவியார் காலத்து முறை என்கிறார்களாம்.

ஆனால் அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஆட்கள் மேடைக்குப் பின்னால் வந்து குவிந்தார்கள். அப்பா வாளை என்னிடம் தந்துவிட்டு அவர்கள் நடுவே நின்றார். ஒவ்வொருவராக அவருடைய வலக்கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவரும் கொடுத்துக்கொண்டே இருந்தார். விளக்குக்கு நேரே, எல்லாரும் பார்க்க, அந்தக் கை ஒருவரின் கையிலிருந்து இன்னொருவரின் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் வாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். குமிழில் இவ்வளவு பெரிய மூக்குத் தெரிகிறது, ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் கையையே பிடிக்கிறார்களே, பித்தளையைப் பார்க்கிற ஆள் இந்த ஊரில் இல்லையா என்று நினைத்தேன். அடுத்த நாள் காலை அப்பா எங்களைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். வாசல் பக்கம் காற்று நல்லது போல என்று நினைத்துக்கொண்டேன்.

நான் அச்சுவேலிக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. சந்தைக் கொட்டிலில் படுத்து எழும்பி, காலையில் ஓர் இரும்புப் பட்டறையின் முன்னால் போய் நின்றேன். மண்வெட்டியும் உழவாரமும் செய்கிற இடம். முதலாளி என் வெறுங்காலைப் பார்த்தார்.

"என்ன வேலை தெரியும்?"

"பிடி போடுவன்."

"ஆரிட்டைப் பழகினது?"

"ஒரு ராசாவிட்டை."

அவர் சிரித்தார். அங்கே பிடி முறிந்த உழவாரத்துடன் ஒரு பெண் காத்திருந்தார். புல்லுச் செருக்கிச் செருக்கி வெயிலில் கறுத்த முகம். "உந்த அக்காவுக்குப் போட்டுக் குடு, பாப்பம்," என்றார் முதலாளி.

"கையை ஒருக்கால் தாங்கோ அக்கா."

"கை என்னத்துக்கு? பழைய பிடி கிடக்குத்தானே, அதைப் பார்த்துப் போடன்." அவருடைய வலக்கை சேலைத் தலைப்புக்குள் போனது. போகிற அந்த நொடியில் விரல் மூட்டுகள் வீங்கி மடங்கியிருப்பதைக் கண்டேன்.

நான் கட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் குந்தினேன். கட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். முதலாளி உலையைப் பார்க்கப் போனார். வீதியில் ஒரு பஸ் போயிற்று. கொஞ்ச நேரத்தில் அந்தக் கை தானாக என் முன்னால் வந்தது.

அது நடுங்கிக்கொண்டிருந்தது. ஆட்டாதேங்கோ என்று நான் சொல்லவில்லை. நடுக்கம் அடங்கும்வரை பிடித்துக்கொண்டிருந்து அளவெடுத்தேன். பிறகு எழுந்து, நன்றாகக் காய்ந்த கட்டை ஒன்றைத் தேடி எடுத்தேன்.